கடலைக் கேளாமல் போடப்படும் பயணத்திட்டம்

பெங்களூருவுக்குக் கடல் இல்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கும் அந்நகருக்கு, ஆயினும், இரண்டு கடல்கள் ஏறக்குறைய ஒரே தொலைவில் உள்ளன. கிழக்கே சென்னைக்கும் மேற்கே மங்களூருவுக்கும் சாலைவழித் தொலைவு சுமார் 350 கிலோமீட்டர். புதுச்சேரி அதனினும் சற்றுக் குறைவு. வெள்ளிக்கிழமை இரவு பேருந்தில் ஏறும் குடும்பம் சனிக்கிழமை விடியலில் வங்கக் கடலையோ அரபிக் கடலையோ கண்டுவிடலாம். இந்தியப் பெருநகரங்களில் இப்படி இரு கடல்களுக்கும் நடுவே நின்று தேர்ந்தெடுக்கும் வசதி பெற்றவை மிகச் சில. அவ்வசதியைப் பெங்களூருக் குடும்பங்கள் எவ்வாறு பயன்படுத்துகின்றன என்பதே இங்குக் கேள்வி.

இன்றைய குடும்பச் சுற்றுலாத் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்படுகிறது. குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் யாரேனும் ஒருவர் பேச்சைத் தொடங்குவார். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் பெற்றோரின் அலுவலக விடுப்பும் ஒன்றையொன்று தொடும் நான்கைந்து நாட்கள் கண்டறியப்படும். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவுக்கான கால அளவு 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டுவிட்டதால், மே மாதப் பயணத்திற்கு மார்ச்சிலேயே ஒருவர் காலை எட்டு மணிக்குக் கைப்பேசியுடன் காத்திருப்பார். அறைவாடகை, நீச்சல்குளம், காலைச் சிற்றுண்டி, வண்டி நிறுத்துமிடம் ஆகியவை ஒப்பிடப்படும். அறையிலிருந்து கடல் தெரியுமா என்பதும் தவறாமல் கேட்கப்படும். அவ்வாரத்தில் கடல் எப்படி இருக்கும் என்பது மட்டும் கேட்கப்படாது. அத்தனை தகவல்களுக்கிடையே கடலைப் பற்றிய தகவல் ஒன்றும் இராது.

இந்த விடுபடல் தற்செயலானதன்று. நகரத்தின் நாட்காட்டியைக் கொண்டு கடற்கரையை அளக்கும் பழக்கம் அண்மையில் உருவானது. கடற்கரையூருக்குக் குடும்பத்தோடு செல்லும் திட்டம் கடலின் நாட்காட்டியிலிருந்தே தொடங்க வேண்டும். அறைவாடகை அதற்குப் பின்னர் வந்தால் போதும். மிக எளியதாகத் தோன்றும் இக்கருத்து நடைமுறையில் ஏன் தலைகீழாகிறது என்பதற்கு மொழியிலும் ஒரு தடயம் கிடைக்கிறது.

பெங்களூருத் தமிழர்கள் கடலுக்குச் செல்வது புதிதன்று. 1809இல் பிரிட்டிஷ் படைமுகாம் அமைந்த பின்னர் அல்சூர், சிவாஜிநகர், பிரேசர் டவுன் பகுதிகளில் வேரூன்றிய குடும்பங்களுக்குக் கடற்பயணம் என்பது வழிபாட்டுப் பயணமாகவே இருந்தது. ஆகஸ்ட் 29இல் கொடியேறிச் செப்டம்பர் 8இல் நிறைவுறும் வேளாங்கண்ணித் திருவிழா ஒரு சாராருக்கு. நாகூர்க் கந்தூரி வேறொரு சாராருக்கு. தை, ஆடி அமாவாசைகளில் ராமேஸ்வரம், ஆவணித் திருவிழாவில் திருச்செந்தூர் என்று மற்றவர்களுக்கு. அந்தப் பயணங்களின் நாளைக் குடும்பம் முடிவு செய்யவில்லை. திதியும் திருவிழாவும் முடிவு செய்தன. எங்கே நீராடுவது என்பதையும் இடத்தின் மரபே முடிவு செய்தது. ராமேஸ்வரத்தின் அக்னி தீர்த்தத்தில் கடல் குளம்போல் அமைதியாகக் கிடக்கிறது. அதே தீவின் தென்கோடியில் தனுஷ்கோடிக்குச் செல்லும் வழியில் ஒருபுறத்தை ஆண்கடல் என்றும் மறுபுறத்தை பெண்கடல் என்றும் உள்ளூரார் வேறுபடுத்துவர். ஆண்கடலில் இறங்காதே என்று ஆட்டோ ஓட்டுநரும் சங்கு விற்பவரும் சொல்லிவிடுவர். இப்பெயரீட்டின் பாலின அரசியலைத் தனியே ஆராயலாம். ஆனால் ஒரு கடலும் மற்றொரு கடலும் ஒன்றல்ல என்ற அறிவு அச்சொற்களில் இருக்கிறது.

வழிபாட்டுப் பயணத்தைப் புகழ்வது இங்கு நோக்கமன்று. அத்திருவிழாக்களின் நெரிசலிலும் உயிர்கள் போயிருக்கின்றன. பெண்கள் மூன்று நாட்களுக்கான புளிச்சோற்றைக் கட்டிச் சுமந்ததும் அப்பயணங்களில்தான். இன்று விடுதிக்குப் பதிலாகச் சமையலறையுடன் கூடிய வாடகை வீட்டைத் தேர்ந்தெடுப்பது சிக்கனம் என்று கருதும் குடும்பங்களில், அந்தச் சிக்கனத்தின் விலையை யார் அடுப்படியில் நின்று செலுத்துகிறார் என்பதும் திட்டத்தில் எழுதப்படுவதில்லை. மாறியது வேறு. யாத்திரை என்னும் சொல்லின் இடத்தில் சுற்றுலா என்னும் ஆக்கச்சொல் வந்து அமர்ந்தபோது, நாளும் இடமும் நுகர்வோரின் தேர்வாயின. கடற்கரையில் காற்று வாங்குதல் என்று சென்னைத் தமிழர் இன்றும் சொல்வதுண்டு. கடலுக்குச் சென்று நீரை விட்டுக் காற்றை மட்டும் வாங்கி வரும் அடக்கம் அச்சொல்லில் இருக்கிறது. பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளிடம் அச்சொல் இல்லை. ‘பீச்’ என்ற ஒற்றைச் சொல்லே மெரினாவுக்கும் கோகர்ணாவுக்கும் முட்டத்திற்கும் போதுமானதாக இருக்கிறது.

இலக்கியம் படித்தோருக்கு இவ்விடத்தில் ஒரு சிறு எச்சரிக்கையும் நினைவுக்கு வரலாம். தமிழில் மிகப் புகழ்பெற்ற கடற்கரை உலா சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் வருவது. சித்திரை முழுநிலவையொட்டிய இந்திரவிழாவுக்குப் பின் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரைக்குச் செல்கின்றனர். கானல்வரி பாடி முடிவதற்குள் பிரிந்துவிடுகின்றனர். பயணத்தில் மனைவியும் கணவனும் சண்டையிட்டுக்கொள்வதற்குப் பேரிலக்கிய முன்னுதாரணம் தேடுவோருக்கு இது உதவும். நெய்தலின் உரிப்பொருளை இரங்கல் என்று இலக்கணிகள் வகுத்தது சும்மா அன்று. அதே இலக்கண மரபில் நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதுகளும் உரியவை என்பர் பிற்காலத்தார். பாட்டுக்கு அது பொருந்தும். பயணத்துக்குப் பொருந்தாது.

கர்நாடக மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் கோடை விடுமுறை ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் தொடங்கி மே இறுதி வரை நீள்கிறது. அடுத்த நீண்ட விடுமுறை தசராவை ஒட்டிச் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ வருகிறது. பல தனியார் பள்ளிகள் கிறிஸ்துமஸ் வாரத்திலும் மூடப்படுகின்றன. பெங்களூருக் குடும்பத்தின் கடற்பயணங்களில் மிகப்பெரும்பாலானவை இம்மூன்று காலங்களிலும், அவற்றுக்கிடையே வரும் மூன்று நாள் வாரயிறுதிகளிலும் அடங்கிவிடுகின்றன.

இனிக் கடலின் பக்கம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடித்தலுக்குத் தடை. மீன்களின் இனப்பெருக்கத்தைக் கருதி விதிக்கப்படும் இத்தடை 2017க்கு முன் 45 நாட்களாக இருந்தது. மேற்குக் கரையில் அதே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக, பெங்களூருப் பிள்ளைகளின் கோடை விடுமுறை ஏறத்தாழ முழுவதும் சோழமண்டலக் கரையின் படகுகள் கரையேறிக் கிடக்கும் காலத்துக்குள் விழுகிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் மே மாதத்தில் வரும் குடும்பம் காண்பது இயல்பான மீன்பிடித் துறைமுகத்தை அன்று. வேலை நின்ற துறைமுகத்தை. படகுகளுக்கு மரம் மாற்றப்படும், வண்ணம் பூசப்படும், வலைகள் பிரித்துக் கோக்கப்படும். நாட்டுப்படகுகளும் கட்டுமரங்களும் மட்டும் கடலுக்குச் சென்று வரும். தமிழ்நாட்டில் தடைக்கால நிவாரணமாக ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்தது பின்னர் 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இரண்டு மாதங்களுக்கு அவ்வளவுதான். கடலோர விடுதியொன்றில் இரண்டு இரவுகளுக்கு அத்தொகையைக் கொடுத்துவிட்டு, வஞ்சிரம் ஏன் இவ்வளவு விலை என்று பரிமாறுபவரிடம் கேட்கும் குடும்பத்துக்கு இவ்விரு எண்களும் தெரிந்திருக்க நியாயமில்லை. தட்டில் வந்த மீன் மேற்குக் கரையில் பிடிபட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் பெங்களூருவைத் தாண்டி வந்ததாகவும் இருக்கலாம்.

தசரா விடுமுறைக்கும் கிழக்குக் கரைக்கும் பொருத்தம் இன்னும் குறைவு. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது; டிசம்பர் முடிய வங்கக் கடலில் புயல்காலம். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. புத்தாண்டைக் கடற்கரையில் கொண்டாட அறைபிடித்திருந்தோர் மின்சாரமும் குடிநீரும் இன்றி நின்ற ஊர் அது. ஆனால் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் இழந்த கடலூர் உழவர்கள் அறையைக் காலி செய்து வீடு திரும்ப இயலவில்லை. 2024 நவம்பர் 30, சனிக்கிழமை, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்து ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழையைக் கொட்டியது. வெள்ளத்தில் சிக்கியோரை மீட்க ராணுவம் வரவழைக்கப்பட்டது. புயல் வருவதை வானிலை ஆய்வு மையம் முன்கூட்டியே அறிவித்திருந்தது. வாரயிறுதிக்கான முன்பதிவுகளோ அதற்கும் முன்னரே முடிந்திருந்தன. பணம் திரும்பக் கிடைக்காத வகையில் பதிவு செய்தால் சில நூறு ரூபாய் மிச்சம் என்னும் சலுகை, புயலுக்குள்ளும் ஒரு குடும்பத்தை வண்டியேற்றிவிடும் ஆற்றல் கொண்டது.

இதனினும் நுட்பமானது மே மாதத்தின் ஆபத்து. அதற்குத் தமிழிலும் மலையாளத்திலும் ஒருங்கே விளங்கும் ஒரு சொல் உண்டு: கள்ளக்கடல். தென்னிந்தியப் பெருங்கடலின் தொலைதூரத்தில், சில வேளைகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், எழும் புயல்களால் உருவாகும் நீண்ட அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து கேரளக் கரையையும் குமரிக் கரையையும் வந்தடைகின்றன. உள்ளூரில் காற்றிராது, மேகமிராது, மழையிராது. வானம் தெளிந்திருக்கும். கடல் மட்டும் திடீரென்று கரைக்குள் புகும். முன்னறிவிப்பின்றித் திருடனைப்போல் வருவதனால் மீனவர் இட்ட பெயர் அது. அறிவியலாளர்கள் அச்சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டனர். 2012இல் யுனெஸ்கோ அதனை அறிவியல் வழக்குக்கு ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், கள்ளக்கடல் எச்சரிக்கைகளை அப்பெயரிலேயே வெளியிடுகிறது. பருவமழைக்கு முந்தைய மாதங்களில், குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களில், இது மிகுதி. பள்ளி விடுமுறையும் அதே மாதங்களில்.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில், திருச்சித் தனியார் மருத்துவக் கல்லூரியொன்றின் மாணவர்கள் ஐவர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தனர். அந்நாட்களில் தென்தமிழகக் கரைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. மருத்துவராகப் போகின்றவர்கள், எழுத்தறிவோ கைப்பேசியோ இல்லாதவர்கள் அல்லர். எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது, அச்சொல்லும் இருந்தது. இரண்டும் சேர வேண்டிய இடத்தை அடையவில்லை. சொல் தெரிந்திருந்தால் உயிர் பிழைத்திருப்பர் என்று வாதிடுவது மொழியியலின் பெயரால் செய்யப்படும் மிகைப்பாடாகும். மொழியே சிந்தனையைத் தீர்மானிக்கிறது என்னும் பழைய கருதுகோளின் முரட்டு வடிவத்தை இன்று எவரும் தாங்கிப் பிடிப்பதில்லை. ஆயினும் கேள்விக்கு ஒரு சொல் வேண்டும். கடல் எப்படி இருக்கிறது என்று உள்ளூராரிடம் கேட்கும் பழக்கம், கடலுக்குப் பல நிலைகள் உண்டென்று அறிந்தவரிடமே தோன்றும். வாடை, கொண்டல், கோடை, தென்றல் என்று திசைக்கொரு காற்றைப் பெயரிட்ட மொழியில், கச்சானையும் சோழகத்தையும் மீனவர் இன்றும் பேசும் மொழியில், உள்நாட்டுத் தமிழர் கைவசம் எஞ்சியிருப்பது ‘அலை பெரியதாக இருக்கிறது’ என்ற ஒற்றைத் தொடர்.

பெரிய அலை மட்டுமே ஆபத்து என்ற எண்ணம் தனியே ஆபத்தானது. கரையில் மோதிய நீர் ஒரு குறுகிய தடத்தின் வழியே கடலை நோக்கித் திரும்பி ஓடும். இந்த இழுவை நீரோட்டம் ஓடும் இடத்தில் அலை உடைவது குறைவு. ஆகவே பார்வைக்கு அந்த இடமே அமைதியாகத் தோன்றும். குழந்தைகளை அங்கேதான் இறக்கிவிடுவர். இழுக்கப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் அடித்தால் களைத்து மூழ்குவார். கரைக்கு இணையாக நகர்ந்து தடத்திலிருந்து வெளியேறுவதே வழி. நீச்சல்குளத்தில் கற்ற நீச்சலுக்கு இது தெரியாது. 2024 டிசம்பர் 10 அன்று, மேற்குக் கடல் அமைதியாயிருக்கும் காலமென்று கருதப்படும் மாதத்தில், கோலார் மாவட்டத்திலிருந்து பள்ளிச் சுற்றுலாவாக வந்த நான்கு மாணவியர் முருடேஸ்வரக் கடலில் மூழ்கி இறந்தனர். கோலாரும் பெங்களூருவைப் போலவே கடலற்ற மேட்டுநிலம். அப்பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அது முதல் கடல் என்பதை எந்தப் பயணத்திட்டமும் கேட்டிராது.

உயிருக்கு அடுத்தபடியாக மணல். புதுச்சேரி செல்லும் குடும்பங்கள் கூபேர் சாலையின் கற்களில் அமர்ந்து படமெடுத்துக்கொள்கின்றன. அக்கற்கள் அழகுக்காக அடுக்கப்பட்டவை என்று பலரும் கருதுகின்றனர். அங்கே ஒருகாலத்தில் அகன்ற மணற்கரை இருந்தது. தமிழகக் கிழக்குக் கரையில் மணல் ஆண்டு முழுவதும் பயணம் செய்கிறது: தென்மேற்குப் பருவக்காற்றில் வடக்கு நோக்கி மிகுதியாகவும், வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கு நோக்கிச் சற்றுக் குறைவாகவும். கூட்டிக் கழித்தால் மணலின் பயணம் வடக்கு நோக்கியது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டபோது அப்பயணம் தடைபட்டது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது; வடக்கே, நகரின் முன்னால், கரைந்தது. நகரைக் காக்கக் கல் கொட்டினர். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே உள்ள மீனவக் குப்பங்கள் மணலை இழந்தன. அங்கும் கல் கொட்டினர். அரிப்பு மாநில எல்லையைக் கடந்து பொம்மையார்பாளையம் வரை சென்றது. 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் அமைத்த செயற்கைப் பாறைத்திட்டுக்குப் பின்னர் நகரின் முன்னே ஒரு பகுதி மணல் திரும்பியது. திரும்பிய மணலில் முதலில் வந்து அமர்ந்தது சுற்றுலாவே. மீனவர் படகேற்றி நிறுத்தவும் வலை உலர்த்தவும் கருவாடு காயவைக்கவும் இழந்த மணலின் கணக்கு எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இல்லை.

இவ்விடத்தில் இன்னொரு சொல்லையும் கவனிக்கலாம். குப்பம் என்பது கரையோரத்தில் மீனவர் வாழும் ஊர். வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் என்பன புதுச்சேரியின் பழைய ஊர்ப்பெயர்கள். நகரத் தமிழில் அச்சொல் சேரியைக் குறிக்கும் இழிவழக்காகத் தேய்ந்துவிட்டது. அறை தேடும் குடும்பம் வரைபடத்தில் ‘குப்பம்’ என்று கண்டவுடன் விரலை நகர்த்திவிடுகிறது. ‘ஒயிட் டவுன்’ என்று கண்டவுடன் கூடுதலாக இரண்டாயிரம் கொடுக்க ஒப்புகிறது. 1674 முதல் பிரெஞ்சுக்காரர் தமக்கென ஒதுக்கிக்கொண்ட பகுதியின் நிறவெறிப் பெயர், அவர்கள் 1954இல் வெளியேறி எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும், விற்பனைக்கு உகந்த முகவரியாக இருக்கிறது. ஊரின் பெயரையே 2006இல் புதுச்சேரி என்று சட்டப்படி மாற்றியாயிற்று. விடுதிகளின் விளம்பரத்துக்கு அச்சட்டம் இன்னும் எட்டவில்லை. 1736 முதல் 1761 வரை அதே ஊரில் அமர்ந்து தமிழில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை, அந்த விலையுயர்ந்த முகவரிக்கு வெளியே, தமிழர் பகுதியில் இருக்கிறது.

இவற்றுக்கு எதிராக வைக்கப்படும் ஒரு மறுப்பு வலுவானது. பெங்களூரில் வேலைசெய்யும் பெற்றோருக்கு விடுப்பு அவர்கள் கையில் இல்லை. பள்ளி நாட்காட்டி அவர்கள் கையில் இல்லை. சிவாஜிநகரின் கடைச் சிப்பந்திக்கும் பீன்யாவின் தொழிற்சாலைப் பணியாளருக்கும் ஆண்டில் ஒரே ஒரு பயணம்தான் கிடைக்கும். அதுவும் கிடைத்த நாளில். கடலின் நாட்காட்டியைப் பார் என்று அவர்களிடம் சொல்வது வசதி படைத்தோரின் அறிவுரையாகாதா? ஆகும், நாளை மட்டும் பேசினால். ஆனால் இரு கடல்களுக்கு நடுவே வாழ்வோர் நாளை மாற்ற இயலாவிடினும் கடலை மாற்றலாம். தசரா விடுமுறை அக்டோபரின் பிற்பகுதிவரை நீளும் ஆண்டுகளில், தென்மேற்குப் பருவமழை விலகி மேற்குக் கடல் அடங்கத் தொடங்கியிருக்கும். கிழக்கே மழைக்காலம் தொடங்கும் அதே நாட்களில் உடுப்பியும் கும்டாவும் வெளுத்துக் கிடக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். மல்பேயிலிருந்து செயின்ட் மேரீஸ் தீவுகளுக்குப் படகு நிறுத்தப்பட்டிருக்கும், மலைப்பாதைகளில் மண் சரியும். அப்போது ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரயிறுதிக்குக் கிழக்கு உகந்தது. ஆடி வெள்ளியன்று வீராம்பட்டினத்துச் செங்கழுநீர் அம்மன் கோயில் தேரோட்டமும் அக்காலத்தில்தான். ஆளுநர் வந்து வடம்பிடிக்கும் அவ்வழக்கம் பிரெஞ்சு ஆட்சிக்காலத்திலிருந்து தொடர்கிறது. அவ்வூரை ஒட்டியே அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து ரோமானிய வணிகத்தின் தடயங்களை வெளிக்கொணர்ந்த இடம். பள்ளிப்பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இதைவிட நல்ல பாடம் நீச்சல்குளத்தருகே கிடைக்காது.

மே மாதத்தில்தான் போக முடியும் என்றால் மே மாதத்திலேயே போகலாம். நீரில் இறங்குவதைப் பயணத்தின் மையமாக வைக்க வேண்டியதில்லை, அவ்வளவே. தரங்கம்பாடியை எடுத்துக்கொள்ளலாம். 1620இல் டேனியர் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை, 1706இல் வந்திறங்கிய சீகன்பால்குவின் அச்சுப்பணி நடந்த தெருக்கள், கடல் பாதியை உண்டுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில் ஆகியவை ஒரு நாளைக்குப் போதும். காலை ஏழு மணிக்குள்ளும் மாலை ஐந்துக்குப் பின்னும் நடக்கலாம். நடுப்பகலில் பாட்டி உறங்கலாம். கிழக்குக் கரையில் சூரியன் கடலில் மறைவதில்லை என்பதையும் புறப்படுமுன் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நல்லது. நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு என்று மனப்பாடம் செய்த முதுகலை மாணவர்கள்கூடப் புதுச்சேரியில் கடலுக்குள் விழும் மாலைச் சூரியனுக்காகக் காத்திருந்ததுண்டு.

திட்டத்தில் சேர்க்க வேண்டியவை உண்மையில் மிகச் சிலவே. புறப்படுமுன் இன்காய்ஸ் தளத்தில் அக்கரைக்கான அலை எச்சரிக்கை உள்ளதா என்று பார்க்க இரண்டு நிமிடங்கள் ஆகும். சென்றிறங்கியதும் படகருகே அமர்ந்து வலை பின்னும் ஒருவரிடம் ‘ஐயா, இன்றைக்குக் கடல் எப்படி, பிள்ளைகள் கால் நனைக்கலாமா?’ என்று கேட்க ஒரு நிமிடம். கேட்கும் மொழி தமிழாகவே இருப்பது கிழக்குக் கரையில் பெங்களூருத் தமிழ்க் குடும்பத்துக்கு உள்ள தனிவசதி. மேற்கே போனால் கடல் கன்னடத்தில் ‘கடலு’தான், கேள்வி பெரிதாக மாறிவிடாது. வீட்டில் தமிழ் பேசி வெளியே பேசக் கூச்சப்படும் பதின்வயதுப் பிள்ளையைக் கேட்கச் சொல்லலாம். கிடைக்கும் பதிலில் அப்பிள்ளைக்கு விளங்காத இரண்டு மூன்று சொற்கள் இருக்கும். அவற்றின் பொருளை அங்கேயே கேட்டறியலாம். அகராதியில் அவை இருக்கும் என்ற உறுதி இல்லை.

ஜூன் 14 நள்ளிரவு தடை முடிகிறது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் அதற்குச் சில நாட்கள் முன்னரே டீசல் நிரப்புதலும் பனிக்கட்டி ஏற்றுதலும் தொடங்கிவிடும். பூசையிட்டு, மாலை சூட்டிய விசைப்படகுகள் விளக்கேற்றி ஒன்றன்பின் ஒன்றாக முகத்துவாரத்தைக் கடக்கும். இரண்டு மாதங்களாகக் கரையிலிருந்த ஊர் முழுவதும் அன்றிரவு விழித்திருக்கும். கடற்கரையூர் ஒன்று ஆண்டில் தன் முழு உருவத்தோடு தெரியும் இரவு அது. பெங்களூருப் பள்ளிகள் திறந்து அப்போது இரண்டு வாரங்கள் ஆகியிருக்கும்.